வட்டும் பழையது, கணினியும் பழையது. எழுதிய கை மட்டும் புதிது

பழைய மேசைக்கணினியின் திரையில் வந்த செய்தியை இரண்டு முறை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. வெளிவட்டை எழுதும் நிலையில் மவுன்ட் செய்ய, அதாவது பயன்பாட்டுக்குத் திறக்க, இயலவில்லை என்றும், தனக்குத் தெரியாத கூறுகள் அதில் இருக்கின்றன என்றும் சொல்லிவிட்டு, அடைப்புக்குறிக்குள் 10000 என்று ஓர் எண்ணை மட்டும் லினக்ஸின் மையக்கருவான கெர்னல் விட்டுச் சென்றிருந்தது. அந்த வட்டு எனக்குப் பல ஆண்டுப் பழக்கம், கேபிளும் மாறவில்லை, அந்தக் கணினியில் அண்மையில் ஒரு மென்பொருளைக்கூட நான் நிறுவவில்லை. மாறியது மடிக்கணினிதான். அதில் லினக்ஸைப் புதிய பதிப்புக்கு உயர்த்தியிருந்தேன். உயர்த்திய கையோடு, நெடுநாளாகத் தள்ளிப்போட்டு வந்த வேலையையும் முடித்துவிடலாம் என்று வெளிவட்டைத் துடைத்து, எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் லினக்ஸின் ஒழுங்கு அது) புதிதாக ஃபார்மட் செய்து, காப்புநகல்களைத் திரும்ப ஏற்றியிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்த வட்டு இரண்டு கணினிகளிலும் ஒழுங்காகவே வேலை செய்தது என்பதுதான் என்னைக் குழப்பியது. பொருந்தாது என்றால் முதல் நாளே பொருந்தாமல் போயிருக்க வேண்டும் அல்லவா? வட்டுதான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, மேசைக்கணினியிலேயே சரிபார்ப்பு நிரலான இ2எஃப்எஸ்சிகே-யை ஓடவிட்டேன். அது ஒரு பிழையையும் தேடவில்லை. ‘ஃபீச்சர் சி12’, ‘ஃபீச்சர் ஆர்16’ என்று தனக்குப் புரியாத இரண்டு கூறுகளின் பெயரைச் சொல்லி, என்னுடைய புதிய பதிப்பைக் கொண்டு வா என்று ஆச்சரியக்குறியோடு கட்டளையிட்டுவிட்டு நின்றுகொண்டது. உண்மையில் அந்த இரண்டு வரிகளிலேயே முழு விளக்கமும் இருந்தது. எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.

எக்ஸ்ட் குடும்பக் கோப்பு முறைமைகளில் பகிர்வின் (வட்டில் பிரித்த ஒரு பகுதியின்) தொடக்கத்தை ஒட்டி சூப்பர்பிளாக் என்ற தலைப்பகுதி இருக்கிறது. அந்தக் கோப்பு முறைமை எந்தெந்தக் கூறுகளைப் பயன்படுத்துகிறது என்பது அதில் மூன்று தொகுதிகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். முதல் தொகுதியில் உள்ள கூறு ஒன்று கெர்னலுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வட்டைத் திறந்து எழுதலாம். இரண்டாம் தொகுதியில் தெரியாத கூறு இருந்தால் படிக்க மட்டுமே அனுமதி. மூன்றாம் தொகுதியில் தெரியாத ஒன்று இருந்துவிட்டால் தொடவே கூடாது. முதல் வகைக்கு வீட்டுக்குள் வரலாம், இரண்டாம் வகைக்குத் திண்ணையோடு சரி, மூன்றாம் வகைக்குத் தெருவிலேயே நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். சி என்ற எழுத்து முதல் தொகுதியையும், ஆர் என்பது இரண்டாவதையும், ஐ என்பது மூன்றாவதையும் குறிக்கும். பக்கத்தில் உள்ள எண், அந்தத் தொகுதியில் எத்தனையாவது பிட் என்பது. கெர்னல் சொன்ன 10000 பதினாறடிமான எண். சுழியிலிருந்து எண்ணினால், அதில் 16ஆம் பிட் மட்டும் ஒன்றாக இருக்கிறது. ஆக, கெர்னலும் சரிபார்ப்பு நிரலும் ஒரே குறையைத்தான் தத்தம் மொழியில் சொல்லியிருக்கின்றன. சரிபார்ப்பு நிரல் மட்டும் கெர்னலைவிடக் கறாரானது: கெர்னல் பொருட்படுத்தாமல் விடும் முதல் தொகுதிக் கூறுகூடத் தனக்குத் தெரியாவிட்டால் அது வேலையைத் தொடங்காது. புரியாத அமைப்பைத் திருத்தப் போய்ச் சிதைத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கைதான் அது, நியாயமான எச்சரிக்கையும்கூட.

சி12 என்பது ஆர்ஃபன் ஃபைல் என்ற கூறு. ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை நாம் அழித்துவிட்டால், பெயர் உடனே மறைந்தாலும் உள்ளடக்கம் அந்த நிரல் மூடும்வரை வட்டில் இருந்துகொண்டே இருக்கும். இடையில் மின்சாரம் போய்விட்டால் அந்த அநாதைகளைப் பிறகு கண்டுபிடித்துத் துடைக்க ஒரு பட்டியல் தேவை. முன்பு அது ஒன்றோடு ஒன்று கோத்த ஒற்றைச் சங்கிலியாக இருந்தது. பல செயலிக் கருக்கள் ஒரே நேரத்தில் அதைத் தொடும்போது ஒன்றுக்கொன்று காத்திருக்க நேர்ந்தது. அதற்கு மாற்றாகத் தனிக் கோப்பாக அந்தப் பட்டியலை வைக்கும் வசதி 2021இல் 5.15 கெர்னலில் வந்தது. எக்ஸ்ட் வட்டுகளை உருவாக்கிச் சரிபார்க்கும் நிரல்களின் தொகுப்பான இ2எஃப்எஸ்புரோக்ஸ், 2023 பிப்ரவரியில் வெளியான அதன் 1.47.0 பதிப்பில், புதிதாக உருவாக்கும் எக்ஸ்ட்4-இல் அதை இயல்பாகவே இயக்கிவைக்கத் தொடங்கியது. நான் ஃபார்மட் செய்தபோது அந்தக் கூறு கேளாமலே உள்ளே வந்துவிட்டது.

ஒரு வாரம் ஏன் வேலை செய்தது என்ற புதிருக்கும் விடை இங்கேதான். சி12 முதல் தொகுதி என்பதால் பழைய கெர்னல் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் புதிய கெர்னல் வட்டை எழுதும் நிலையில் மவுன்ட் செய்தவுடன் ஆர்16 என்ற கொடியை ஏற்றுகிறது. முறைப்படி வெளியேற்றும்போது, பட்டியல் காலியாக இருந்தால், அதை இறக்கிவிடுகிறது. அந்த ஒரு வாரமும் நான் ஒழுங்காக வெளியேற்றினேன். எட்டாம் நாள் அவசரத்தில் மடிக்கணினியிலிருந்து கேபிளைப் பிடுங்கினேன். கொடி ஏறியபடியே நின்றுவிட்டது.

நோய் தெரிந்த பின் மருந்து எளிதாக இருந்தது. வட்டை மடிக்கணினியில் செருகி, மவுன்ட் செய்யாமல், அங்குள்ள புதிய சரிபார்ப்பு நிரலை முழுமையாக ஓடவிட்டேன். பிறகு கோப்பு முறைமையின் அமைப்புகளை மாற்றும் டியூன்2எஃப்எஸ் கட்டளையில், ஆர்ஃபன் ஃபைல் என்ற பெயருக்கு முன் தொப்பிக் குறி (^) இட்டு அந்தக் கூறை நீக்கினேன். சில நொடிகளில் முடிந்தது. மேசைக்கணினி பழையபடி வட்டை ஏற்றுக்கொண்டது. ஃபார்மட் செய்யும்போதே அதே தொப்பிக் குறியை இட்டிருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது. பழைய கணினிக்கும் போக வேண்டிய வட்டைப் பழைய கணினியில் ஃபார்மட் செய்வது இன்னும் எளிய வழி. புதிய கெர்னல் பழைய எக்ஸ்ட் வடிவங்களைப் படிப்பதில் ஒரு சிரமமும் இல்லை. எக்ஸ்ட்3-க்கென இருந்த தனி இயக்கி 2015இல் 4.3 கெர்னலோடு நீக்கப்பட்டபோதுகூட, எக்ஸ்ட்4 இயக்கியே அந்தப் பழைய வட்டுகளைப் படிக்கும் என்பதால் யாரும் எதையும் இழக்கவில்லை.

ஆயினும் ‘புதியது பழையதைப் படிக்கும்’ என்பதை விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு காலத்தில் பலர் விரும்பிப் பயன்படுத்திய ரைசர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, 2022இல் கைவிடப்படும் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2025 ஜனவரியில் வந்த 6.13 கெர்னலில் முற்றிலும் நீக்கப்பட்டது. அலமாரியில் தூங்கும் பழைய வட்டு ஒன்று அந்த வடிவத்தில் இருந்தால், மேம்படுத்தலுக்கு முன்பே அதை வெளியே எடுத்து வேறு வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையின் நான்காம் வடிவத்துக்கும் கெடு குறித்தாயிற்று. 2030 செப்டம்பரில் அதற்கான ஆதரவு நீங்கும் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. ரெட் ஹேட் நிறுவன லினக்ஸின் 7ஆம் பதிப்பில் இருந்த பிடிஆர்எஃப்எஸ், 8ஆம் பதிப்பில் இல்லை. இவை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டவைதாம். ஆனால் வெளியீட்டுக் குறிப்புகளைக் கடைசிவரை படித்துவிட்டு மேம்படுத்துகிறவர்கள் எத்தனை பேர்? நானும் படிப்பதில்லை. இனிமேல் கோப்பு முறைமை என்ற சொல்லையாவது அவற்றில் தேடிப் பார்ப்பேன்.

எக்ஸ்ட்4-இன் போக்கில் எனக்குப் பிடித்தது, அது தானாக எதையும் மாற்றிக்கொள்வதில்லை என்பது. நான் ஃபார்மட் செய்யாதிருந்தால் மடிக்கணினி எத்தனை முறை மேம்பட்டாலும் வட்டின் வடிவம் பழையதாகவே இருந்திருக்கும். எல்லா இயங்குதளங்களும் அப்படி நடந்துகொள்வதில்லை. 2017 செப்டம்பரில் மேக்ஓஎஸ் ஹை சியரா வந்தபோது, திடநிலை வட்டுள்ள கணினிகளில் மேம்படுத்தலின் ஒரு பகுதியாகவே ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வடிவம் புதிய ஏபிஎஃப்எஸ் ஆக மாற்றப்பட்டது. சுழலும் வட்டுகளுக்கு அடுத்த ஆண்டு மொஹாவியில் அது நடந்தது. இடத்திலேயே வடிவத்தை மாற்றியது பொறியியல் நோக்கில் பெரிய சாதனைதான். ஆனால் எல் கேப்பிட்டன் போன்ற முந்தைய பதிப்பு ஓடும் இன்னொரு கணினியில் அந்த வட்டைச் செருகினால், உள்ளே ஒன்றுமே இல்லாதது போல அது விழிக்கும். விண்டோஸின் ரீஎஃப்எஸ் இன்னும் அமைதியானது: புதிய விண்டோஸில் எழுதும் நிலையில் ஒரு முறை இணைத்தாலே அதன் வடிவப் பதிப்பு தானாக உயர்ந்துவிடும், பழைய விண்டோஸ் பிறகு அதைத் திறக்காது.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு வரும் தொல்லை வேறு மாதிரி. விண்டோஸ் 8 முதல் இருந்துவரும் வேகத் தொடக்கம் என்ற வசதி, ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் கணினியை முழுமையாக அணைப்பதில்லை; கெர்னலின் நிலையை வட்டில் எழுதிவைத்து உறங்கப் போகிறது. அந்நிலையில் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பகிர்வும் பாதி திறந்த கதவாகவே நிற்கிறது. லினக்ஸில் போய் அதில் எழுதினால், விண்டோஸ் விழித்தெழும்போது தன் நினைவில் உள்ளதும் வட்டில் உள்ளதும் ஒத்துப்போகாது. ஆகவே லினக்ஸில் என்டிஎஃப்எஸ்-ஐத் திறக்கும் இயக்கியான என்டிஎஃப்எஸ்-3ஜி அதைப் படிக்கும் நிலையில் மட்டுமே திறக்கும், 2021இல் 5.15 கெர்னலோடு வந்த என்டிஎஃப்எஸ்3 இயக்கி, பகிர்வு சுத்தமாக மூடப்படவில்லை என்று சொல்லி மவுன்ட் செய்யவே மறுக்கும். இணையத்தில் தேடினால் ‘ஃபோர்ஸ்’ என்று சேர்த்துத் திறக்கும்படி அறிவுரை கிடைக்கும். அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். விண்டோஸுக்குத் திரும்பிப் போய், வேகத் தொடக்கத்தை நிறுத்தி, முழுமையாக அணைத்துவிட்டு வருவதே சரியான வழி. ஒவ்வொரு பெரிய மேம்படுத்தலுக்குப் பிறகும் அந்த அமைப்பை ஒரு தடவை எட்டிப் பார்ப்பதும் நல்லது.

இவை எல்லாவற்றிலும் இழப்பு இல்லை, எரிச்சல்தான். இழப்பு நேர்வது அடுத்த கட்டத்தில். தெரியாத கோப்பு முறைமையைக் கண்டால் இயங்குதளங்கள் ‘எனக்கு இது தெரியவில்லை’ என்று சொல்லி நிறுத்துவதில்லை. விண்டோஸில் எக்ஸ்ட்4 வட்டைச் செருகினால், இதைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி எழும். மேக்கில் வட்டைப் படிக்க முடியவில்லை என்ற அறிவிப்போடு, அதைப் புதிதாகத் தொடங்கும் பொத்தானும் கூடவே வரும். என் நண்பன் ஒருவன் கணினி மாற்றிய அன்று இரவு என்னை அழைத்தான்.

“ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேக்குதுடா. ஆமான்னு குடுத்துடவா?”

“எதையும் தொடாதே. கேபிளைக் கழட்டு.”

கழற்றினான். நான்கு நொடி தாமதித்து அழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் பிறகு பல முறை கேட்டிருக்கிறான். விரைவு ஃபார்மட் உள்ளடக்கம் முழுவதையும் அழிப்பதில்லை. தலைப்பகுதிகளின் மேல் புதியதை எழுதுகிறது. எக்ஸ்ட்4 தன் சூப்பர்பிளாக்கின் நகல்களைப் பகிர்வின் பல இடங்களில் வைத்திருப்பதால், 4 கேபி பிளாக் உள்ள வட்டில் 32768ஆம் பிளாக்கில் இருக்கும் நகலைக் காட்டிச் சரிபார்ப்பு நிரலை ஓடவிட்டு ஓரளவு மீட்க முடியும். ஆனால் எது மேலெழுதப்பட்டது, எது தப்பியது என்பது அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தை நம்பும் நிலை வந்தால், முதலில் முழு வட்டையும் வேறொரு வட்டுக்குப் பிட் பிசகாமல் நகலெடுத்து, நகலில்தான் கை வைக்க வேண்டும்.

எல்லாக் கணினியும் படிக்கும் பொது வடிவம் ஒன்றில் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். ஃபேட்32-ஐ எங்கும் படிக்கலாம்; ஆனால் கோப்பின் அளவைக் குறிக்க அதில் 32 பிட் இடமே உண்டு என்பதால் 4,294,967,295 பைட்டுக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது. கோப்பு மாற்றப்பட்ட நேரத்தையும் அது இரண்டு நொடிக்கு ஒரு முறையாகவே பதிவு செய்யும். அதனால் நேரத்தை ஒப்பிட்டு நகலெடுக்கும் நிரல்கள், மாறாத கோப்பையும் மாறிவிட்டதாக எண்ணி மறுபடி மறுபடி எழுதும். 2006இல் வந்த எக்ஸ்ஃபேட்டில் அளவுச் சிக்கல் இல்லை. அதன் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019இல் பொதுவில் வெளியிட்ட பிறகு லினக்ஸ் கெர்னலிலேயே அதற்கான இயக்கி இடம்பெற்றுவிட்டது. ஆனால் அதில் ஜர்னல், அதாவது பாதியில் நின்ற எழுத்தைச் சீர்செய்ய உதவும் பதிவேடு, கிடையாது. என்னைப் போலக் கேபிளைப் பிடுங்குகிறவர்களுக்கு அது ஆகாது. லினக்ஸின் உரிமைக் குறிகளும் குறியீட்டு இணைப்புகளும் அதில் தங்கா. இரண்டு உலகங்களுக்கிடையே எடுத்துச் செல்ல எக்ஸ்ஃபேட் நல்லது. காப்புநகலை அதில் வைத்தே ஆக வேண்டுமானால் உரிமைக் குறிகளோடு எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேர்க்கும் டார் பொதியாகக் கட்டி வைப்பேன்.

இனி, தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கென்றே உள்ள சிக்கலுக்கு வருகிறேன். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் வரும் குழப்பம் நமக்கு இல்லை. ஆனால் கொம்பும் காலும் நம்மைப் பிடித்துக்கொள்கின்றன. ‘கோப்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. யுனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8-இல் முதலாவது 6 குறியீடு, 18 பைட். இரண்டாவது 7 குறியீடு, 21 பைட். எச்எஃப்எஸ் பிளஸ், நாம் எப்படித் தட்டினாலும் பெயரைப் பிரித்து இரண்டாம் வடிவில்தான் சேமிக்கும். ஏபிஎஃப்எஸ் நாம் கொடுத்தபடியே வைத்துக்கொண்டு, தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருதும். எக்ஸ்ட்4-க்கும் என்டிஎஃப்எஸ்-க்கும் இவை வெவ்வேறு பெயர்கள். ஒரே கோப்புறையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம்.

என் பழைய கட்டுரைகள் ஒரு காலத்தில் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டில் இருந்தவை. லினக்ஸுக்கு நகலெடுத்த பிறகு ‘கொ’, ‘போ’, ‘கௌ’ போன்ற எழுத்துகள் உள்ள பெயர் எதுவும் தேடலில் அகப்படவில்லை. ‘கவிதை’, ‘பயணம்’ எல்லாம் உடனே வந்தன. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளிலும் ‘ஔ’ என்ற எழுத்திலும் மட்டும்தான் இந்தப் பிளவு என்று புரிய எனக்கு வெகுநேரம் பிடித்தது. அதற்குள் நகலெடுக்கும் நிரலான ஆர்சிங்க் பல கோப்புகளைப் புதியவை என்று எண்ணி இரண்டாம் பிரதியாக எழுதிவிட்டிருந்தது.

பெயரின் நீளமும் ஒரு கண்ணி. என்டிஎஃப்எஸ்-இல் பெயருக்கு 255 யுடிஎஃப்-16 அலகுகள் வரை இடமுண்டு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் ஓர் அலகு. எக்ஸ்ட்4-இல் வரம்பு 255 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 85 குறியீட்டோடு நின்றுவிடும். ‘தொழில்நுட்பம்’ என்ற ஏழெழுத்துச் சொல்லே 13 குறியீடுகள், 39 பைட். கட்டுரையின் முழுத் தலைப்பையும் கோப்புப் பெயராக வைக்கும் பழக்கமுள்ளவர்கள் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறும்போது, பெயர் மிக நீளம் என்ற பிழையோடு நகலெடுப்பு பாதியில் நிற்பதைப் பார்ப்பார்கள். மறுதிசையில், பெயருக்குள் முக்காற்புள்ளியோ கேள்விக்குறியோ இருந்தால் விண்டோஸ் ஏற்காது.

பிரிந்த பெயர்களைச் சேர்க்க கன்வ்எம்வி என்ற சிறு நிரலைப் பயன்படுத்தினேன். அது முதலில் எதையும் மாற்றாமல், என்ன மாற்றப்போகிறேன் என்று பட்டியல் மட்டும் காட்டும்; ‘நோடெஸ்ட்’ என்று சேர்த்த பிறகே உண்மையில் மாற்றும். பெரும்பாலானவை ஒரே ஓட்டத்தில் முடிந்தன. சேர்த்த பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்த இடங்களில் மட்டும் அது மேலெழுத மறுத்து ஒதுங்கிக்கொண்டது. அந்த இரட்டையர்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஒப்பிட்டேன். ஏறக்குறைய எல்லாம் ஒரே பிரதிகள்தாம். ஒரு கட்டுரையில் மட்டும் பழைய பிரதியில் இல்லாத இரண்டு பத்திகள் புதியதிலும், புதியதில் நான் நீக்கிவிட்ட தொடக்கம் பழையதிலும் இருந்தன. நீக்கிய தொடக்கமே நன்றாக இருந்தது. அதை எடுத்துப் புதிய பிரதியின் தலையில் ஒட்டிவிட்டு, பழையதை அழித்தேன். இந்த முறை வட்டை முறைப்படி வெளியேற்றிய பிறகே கேபிளைக் கழற்றினேன்.